எந்த கூரியர் நல்லது என்று கேட்பதற்கு முன்

வீட்டிலிருந்தே ஊறுகாய், முறுக்கு, சேலை, புத்தகம் என்று ஏதாவது விற்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: "எந்த கூரியர் நல்லது?" இந்தக் கேள்விக்குக் கம்பெனி பெயரைப் பதிலாகச் சொல்கிறவர் பாதிப் பதில்தான் சொல்கிறார். சரக்கு போய்ச் சேர வேண்டிய ஊரில் எந்தக் கம்பெனியின் கிளை ஒழுங்காக நடக்கிறது என்று கேட்டால்தான் முழுப் பதில் கிடைக்கும். ஒரே பெயர்ப்பலகை, ஒரே பில், ஒரே பை. கோவையில் சாயங்காலம் போட்ட கவர் மதுரை டவுனுக்கு மறுநாள் மத்தியானத்துக்குள் போய்விடும். அதே கடையில், அதே நேரத்தில் கமுதிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போட்ட கவர் நாலு நாள் கழித்து, "வந்து வாங்கிக்கங்க" என்ற போனோடு முடியும்.

ஏன் இப்படி? நம் தெருமுனைக் கூரியர் கடைகளில் பெரும்பாலானவை கம்பெனி நேரடியாக நடத்துபவை அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபிரான்சைஸி எடுத்து நடத்துகிறார். புக்கிங்கில்தான் அவருக்கு வருமானம். வெளியூரிலிருந்து வரும் கவரைக் கொண்டுபோய்க் கொடுக்க அவருக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறியது. டவுனுக்குள் ஒரே தெருவில் பத்து கவர் இருந்தால் கட்டுபடியாகும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரே ஒரு கவர் என்றால் பெட்ரோலுக்கே காணாது. அந்தப் பக்கம் போக நாலைந்து சேரட்டும் என்று வைத்துவிடுகிறார். இது டெலிவரிப் பையனின் சோம்பேறித்தனம் இல்லை, கணக்கு அப்படி. கணக்கு புரிந்துவிட்டால் யாரிடம் எதைக் கொடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

அதனால் புதிய ஊருக்கு முதல் பார்சல் போடும்போது ஒரு வேலை செய்யுங்கள். கம்பெனியின் தளத்தில் பின்கோடைப் போட்டு, அங்கே கிளை இருக்கிறதா, எந்த ஊர்க் கிளை அது என்று பாருங்கள். "சர்வீஸ் உண்டு" என்று மட்டும் வந்தால் போதாது. கிளையின் போன் எண்ணை எடுத்து, "இந்தக் கிராமத்துக்கு வீட்டுக்கே வந்து தருவீங்களா, வாரத்துல எந்த நாள் போவீங்க?" என்று கேளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்லும் கிளை பெரும்பாலும் நேர்மையாகவே டெலிவரியும் செய்கிறது. போனையே எடுக்காத கிளை என்றால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த ஊருக்கு அந்தக் கம்பெனி வேண்டாம்.

அடுத்து நேரம். கூரியர் கடை ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கலாம். ஆனால் அன்றைய பை கட்டும் நேரம் வேறு. பெரும்பாலான ஊர்களில் மாலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் பையைக் கட்டி, சீல் வைத்து, ஹப்புக்கு (பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையத்துக்கு) போகும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு போட்டால் ரசீதில் இன்றைய தேதி இருக்கும், கவர் நாளைக்குத்தான் கிளம்பும். "லோடு எத்தனை மணிக்குப் போகுது?" என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு பார்சலிலும் ஒரு நாள் மிச்சம்.

தமிழ்நாட்டுக்குள் கவர், சேலை, சிறு பார்சல் என்றால் புரொஃபஷனல், எஸ்.டி. போன்ற ராத்திரி வண்டி வலைப்பின்னல் உள்ளவை வேகத்திலும் விலையிலும் தோதானவை. டெல்லி, கொல்கத்தா, குவாஹாட்டி என்று தூரம் கூடும்போது கணக்கு மாறுகிறது. ப்ளூ டார்ட்டுக்குச் சொந்தச் சரக்கு விமானங்கள் உண்டு. அந்த விமானப் பிரிவின் தலைமையிடமே சென்னைதான். காசு கூட, ஆனால் நேர்காணலுக்குப் போக வேண்டிய அசல் சான்றிதழ், தேதி தாண்டினால் செல்லாத டெண்டர் கவர் போன்றவற்றுக்கு அந்தக் காசைப் பார்க்கக் கூடாது. 2011இல் தொடங்கிய டெல்லிவரி போன்றவை ஆன்லைன் கடைகளுக்காகவே வளர்ந்தவை. வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், சிஓடி, அதாவது பொருள் கையில் கிடைத்ததும் பணம் கட்டும் வசதியும் உண்டு. தினம் பத்து பார்சலுக்கு மேல் போடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. மாதத்துக்கு இரண்டு போடுகிறவர்களுக்குத் தெருமுனைக் கடையே போதும்.

சிஓடி பற்றி ஒரு எச்சரிக்கை. வாங்கினவர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பார்சல் 'ஆர்டிஓ' என்று பதிவாகி அனுப்பியவருக்கே திரும்பும். போன கூலியும் வந்த கூலியும் உங்கள் தலையில். 350 ரூபாய் ஊறுகாயில் இரண்டு பக்கக் கூலியும் போனால் அடுத்த நாலு பாட்டிலின் லாபமும் சேர்ந்து போகும். கூரியர் கூலியை மட்டுமாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள். 80 ரூபாய் முன்பணம் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும் பார்சலைத் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

தபாலை மறந்துவிடாதீர்கள்

கிராமம் என்று வந்துவிட்டால் என்னைக் கேட்டால் தபால்தான். நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சலகங்கள். அதில் பெரும்பகுதி கிராமத்தில் இருக்கிறது. கிளை அஞ்சலக ஊழியருக்கு ஒவ்வொரு வீட்டையும் ஆள் பெயரோடு தெரியும். "மாரியம்மன் கோவில் பின்புறம், மாடி வீடு" என்று எழுதினாலே சேரும். தனியார் கிளைக்கு இந்த முகவரி வெறும் எழுத்து.

ஸ்பீட் போஸ்ட் 1986 ஆகஸ்ட் 1இல் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் போல குறிப்பிட்ட ஆளிடமே சேர்க்க வேண்டியவை இனி ஸ்பீட் போஸ்டில்தான் போகும்; மேலே 5 ரூபாயும் வரியும் கட்டி 'ரெஜிஸ்ட்ரேஷன்' கேட்டு வாங்க வேண்டும். கவுன்டரில் வாய்விட்டுக் கேட்காவிட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்டாகவே போட்டுவிடுவார்கள். அப்படிப் போனால் தபால்காரர் வீட்டில் இருக்கிற யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகலாம். இதேபோல 5 ரூபாய்க்கு ஓடிபி டெலிவரியும் உண்டு. 2025 அக்டோபரில் கட்டணமும் மாறியது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூர் எங்கே என்றாலும் 47 ரூபாய், வரி தனி. 47 ரூபாயில் நாகர்கோவிலிலிருந்து காஷ்மீருக்கு ஒரு சான்றிதழ் நகல் போவதை வேறு யாரும் செய்து தருவதில்லை.

புத்தகம் விற்கிறவர்களுக்கு 2024 கடைசியில் புத்தகத்தைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் பழைய புக் போஸ்ட் சலுகையை நிறுத்தியது பெரிய அடி. பதிப்பகங்கள் புலம்பியதில் நியாயம் இருந்தது. 2025 மே 1இல் வந்த 'ஞான் போஸ்ட்' அந்தக் குழியை ஓரளவு நிரப்புகிறது. 300 கிராம் வரை 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி, டிராக்கிங் உண்டு, தரைவழிதான் போகும். புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் நிறைந்ததாக இருக்கக் கூடாது. சில கவுன்டர்களில் பெயரைச் சொன்னால் புரியாது. பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். புத்தகக் கட்டின் மேல் பட்டையாக எழுதிவிட்டால் பேச்சு குறையும்.

அஞ்சலகக் கவுன்டர் பிற்பகலிலேயே மூடிவிடுகிறது என்ற குறை எல்லோருக்கும் உண்டு. பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே பல இடங்களில் சாயங்காலம் தாண்டியும் ஸ்பீட் போஸ்ட் வாங்குகிறார்கள். தபால் பிரிக்கிற இடமே அதுதான் என்பதால், அங்கே போட்டது அன்று ராத்திரியே கிளம்ப வாய்ப்பு அதிகம்.

தபாலின் பலவீனம் பெரிய பெட்டி. டூவீலரிலோ சைக்கிளிலோ போகிற கிராம ஊழியரால் 12 கிலோ அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்வார். சேர வேண்டியவர் வயதானவராக இருந்தால், பெரிய ஒன்றை இரண்டு மூன்று சிறு பெட்டியாகப் பிரித்துப் போடுங்கள். கூலி கொஞ்சம் கூடும். வீடு வரை வரும்.

ஸ்பீட் போஸ்ட் எண்ணைப் போனில் சொல்லி வாங்கும்போது ஒரு இலக்கம் மாறிப்போவது அடிக்கடி நடக்கிறது. "டிராக் பண்ணினா ஒண்ணும் வரலை" என்று பதறுகிறார்கள். எண் சரியா என்று நீங்களே சோதிக்கலாம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐஎன் (IN) என்பது அதன் வடிவம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11இலிருந்து கழித்தால் ஒன்பதாவது இலக்கம் வர வேண்டும். 12345678 என்றால் 8+12+12+8+15+30+63+56, மொத்தம் 204. பதினொன்றால் வகுக்க மீதி 6. 11இல் 6 போக 5. ஆக 123456785 என்பதுதான் சரியான எண். கழித்து வருவது 10 என்றால் 0 என்றும், 11 என்றால் 5 என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போகும் தபாலிலும் இதே கணக்குத்தான்.

காற்றுக்குக் கொடுக்கும் காசு

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் எடை. கூரியர்காரர் தராசில் தெரியும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவது 'வால்யூமெட்ரிக்' எடை. தராசு எடை, இந்த எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பில்.

மணப்பாறை முறுக்கு 3 கிலோ அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கையில் கிடைத்த 40×30×30 பெட்டியில் போட்டு, மீதி இடத்தைப் பேப்பரால் அடைத்தால் 36,000 வகுத்தல் 5000, அதாவது 7.2 கிலோ. 3 கிலோ சரக்குக்கு ஏழரைக் கிலோ அல்லது எட்டுக் கிலோ கூலி. முறுக்கைப் பாக்கெட்டாக அடுக்கி 35×25×20 பெட்டியில் பொருத்தினால் 3.5 கிலோ. பாதிக்கும் குறைவு. இன்னொன்று, பலர் கவனிக்காதது: பெட்டியைத் திணித்து அடைத்தால் பக்கங்கள் உப்பும். அளக்கும் கருவி உப்பிய இடத்தைத்தான் அளக்கும். 40×30×30 பெட்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூடி 42×32×32 ஆனால் 8.6 கிலோ. டேப்பை இன்னும் இரண்டு சுற்று இறுக்கி ஒட்டியிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

ஆன்லைன் வழியாகப் புக்கிங் செய்கிறவர்களுக்கு 'வெயிட் டிஸ்ப்யூட்' என்று ஒரு தலைவலி உண்டு. நீங்கள் 2 கிலோ என்று போட்டது ஹப்பில் 4 என்று ஏறி, வித்தியாசம் உங்கள் கணக்கில் கழியும். மறுப்புச் சொல்லச் சில நாள்தான் அவகாசம். பார்சல் தராசின் மேல் இருக்கும்படி ஒரு படம், மூன்று பக்கமும் அளவு நாடா வைத்து மூன்று படம், லேபிள் தெரியும்படி. ஒவ்வொரு பார்சலுக்கும் இந்த நாலு படம் எடுத்து வையுங்கள். ஒரு நிமிட வேலை. படம் இல்லாமல் எழுதும் புகாரைப் பெரும்பாலும் அப்படியே மூடிவிடுகிறார்கள்.

ஊறுகாய் பாட்டில் ஒழுகாமல் போக

பார்சல் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்தால் கட்டும் முறை மாறும். சிறு பெட்டிகள் பெரிய சாக்குப் பைக்குள் போகின்றன. பைக்குத் தலைகீழ் கிடையாது. "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி போட்டாலும் பைக்குள் அதைப் பார்க்க ஆள் இல்லை. அந்தப் பையின் மேல் இன்னும் இரண்டு மூன்று பைகள் விழும். ஆகவே எப்படிக் கவிழ்ந்தாலும், எவ்வளவு அமுங்கினாலும் தாங்கும்படி கட்ட வேண்டும். 'கண்ணாடிப் பொருள்' ஸ்டிக்கரை நம்பக் கூடாது.

அரைக் கிலோ ஊறுகாய் நாலு பாட்டில் என்று கொள்வோம். கண்ணாடியைவிடத் தடித்த பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் மேல். கழுத்து வரை நிரப்பாமல் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். வெயிலில் வண்டிக்குள் சூடு ஏறும்போது எண்ணெய் விரிந்து மூடி வழியே வெளியே வரும். வாயோரத்தில் ஒட்டிய எண்ணெயைத் துணியால் துடைத்த பிறகுதான் உள் சீல் ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் சீல் பிடிக்காது. ஒழுகும் பாட்டில்களில் பாதிக்குக் காரணம் இதுதான். மூடியை இறுக்கி, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் டேப்பைச் சுற்றும்போது, மூடி இறுகும் திசையிலேயே சுற்றுங்கள். எதிர்த்திசையில் இழுத்து ஒட்டினால் மூடி கண்ணுக்குத் தெரியாமல் தளரும். பிறகு பாட்டிலைப் பேப்பரின் மேல் ஒரு ராத்திரி முழுக்கத் தலைகீழாக நிற்க வையுங்கள். காலையில் பேப்பரில் எண்ணெய் வளையம் இருந்தால் அந்தப் பாட்டில் வீட்டுக்கு, மற்றவை பார்சலுக்கு.

ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிடுங்கள். ஒன்று ஒழுகினாலும் மூன்று தப்பும். மேலே குமிழ் உறை இரண்டு சுற்று. பெட்டி ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் மூன்று அடுக்குப் பழைய பெட்டி இந்த எடையைத் தாங்காது. அடியிலும் மேலும் மூன்று சென்டிமீட்டருக்குக் கசக்கிய பேப்பர், பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு அட்டைத் தடுப்பு. மூடி, காதோரம் வைத்து ஆட்டுங்கள். சத்தமே வரக் கூடாது. சத்தம் வந்தால் பிரித்து இன்னும் அடையுங்கள். டேப் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நடுக்கோட்டில் மட்டும் ஒட்டாமல் இரண்டு பக்க ஓரங்களிலும் ஒட்டுங்கள், மேலும் கீழும்.

லேபிளை மிகப் பெரிய தட்டையான பக்கத்தில், மடிப்பின் மேல் விழாமல் ஒட்ட வேண்டும். ஜெல் பேனா, இங்க்ஜெட் மை இரண்டும் ஒரு மழைக்குத் தாங்காது. மேலே அகலமான டேப் போடுங்கள், பார்கோடின் மேல் மட்டும் சுருக்கம் விழாமல். பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் பழைய ஸ்டிக்கர்களைக் கிழித்து எறியுங்கள். ஹப்பில் வேகமாக ஸ்கேன் செய்கிறவர் கையில் பழைய பார்கோடு மாட்டினால் உங்கள் முறுக்கு வழி தவறிவிடும். கடைசியாக ஒன்று: அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவர் முகவரியும் போனும் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள். வெளி லேபிள் கிழிந்துபோன பார்சலுக்கு அதுதான் உயிர்.

பால்கோவா, அல்வா போன்றவற்றை நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் நீராவி உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். வாரத்தில் திங்களிலிருந்து புதனுக்குள் அனுப்புங்கள். வெள்ளி, சனி போட்டது ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதோ ஒரு ஊர்க் கோடவுனில் வெந்துகொண்டிருக்கும். மாம்பழத்தைக் கூரியரில் போடாதீர்கள். ராத்திரி பஸ் பார்சல்தான் அதற்கு வழி, அதுவும் காயாக, காற்றோட்டத் துளை போட்ட பெட்டியில், வைக்கோலோடு.

பஸ்ஸும் லாரியும் ரயிலும்

பஸ் பார்சலின் சிறப்பு, காலையில் கையில் கிடைத்துவிடும் என்பது. குறை, யாராவது போய் எடுக்க வேண்டும் என்பது. 2023 கடைசியில் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு, சென்னைக்கு வரும் பார்சலை எங்கே இறக்குவார்கள் என்று புக்கிங் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வட சென்னையில் இருக்கிறவர் கிளாம்பாக்கம் வரை போய்வரும் ஆட்டோக் காசுக்கு ஒரு நல்ல கூரியரே போட்டிருக்கலாம். அரசு விரைவுப் பேருந்துகளிலும் 2022இலிருந்து சரக்குப் பெட்டி இடத்தை வாடகைக்குத் தருகிறார்கள். தினம் ஒரே ஊருக்குச் சரக்கு அனுப்புகிற பூ, காய்கறி வியாபாரிகளுக்கு அது பொருந்தும்.

15, 20 கிலோவைத் தாண்டினால் பார்சல் லாரி ஆபீஸ்தான் கட்டுபடியாகும். அங்கே சில வார்த்தைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 'பெய்ட்' என்றால் நீங்கள் கூலி கட்டிவிட்டீர்கள். 'டூ பே' என்றால் வாங்குகிறவர் கட்டி எடுக்க வேண்டும். 'கோடவுன் டெலிவரி' என்றால் அவர்கள் ஆபீஸில் போய் எடுக்க வேண்டும். 'டோர் டெலிவரி'க்குத் தனிக் கூலி. 'எல்.ஆர்.' என்பது உங்கள் ரசீது. சில ஆபீஸ்களில் அசல் எல்.ஆர். இல்லாமல் சரக்கைத் தர மாட்டார்கள். வாட்ஸ்அப் படம் போதுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். பில்லில் கூலிக்குக் கீழே ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, ரசீதுக் கட்டணம் என்று சிறு சிறு வரிகள் வரும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டுத்தான் இரண்டு ஆபீஸ்களை ஒப்பிட வேண்டும், கிலோ ரேட்டை வைத்து அல்ல.

சரக்கின் மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாயையோ, வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையோ தாண்டினால் இ-வே பில், அதாவது ஜிஎஸ்டிக்காக இணையத்தில் எடுக்கும் சரக்குப் பயணச் சீட்டு வேண்டும். வீடு மாறும்போது போகும் பழைய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை. ஆனால் "பழைய வீட்டு உபயோகப் பொருள், விற்பனைக்கல்ல" என்று கையெழுத்திட்ட காகிதம் வண்டியோடு இருக்கட்டும்.

பைக் அனுப்ப ரயில் பார்சல் நல்ல வழி. ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேண்டும். பெட்ரோல் டேங்க் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், டேங்க் இவற்றுக்கு வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். கண்ணாடியை நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பொருள் தொலைந்தாலும் எடைக் கணக்கில்தான் இழப்பீடு வரும்.

போடவே கூடாதவை சில. தீபாவளி நேரத்தில் சிவகாசிப் பட்டாசைப் பார்சலில் அனுப்பித் தருகிறோம் என்று விளம்பரங்கள் வரும். இணைய வழிப் பட்டாசு விற்பனையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது. வெடிபொருளைத் துணிமணி என்று எழுதி அனுப்புவது குற்றம். அந்த வண்டி ஓட்டுகிறவரின் உயிரோடு விளையாட்டு. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, சென்ட், நெயில் பாலிஷ் இவை விமானத்தில் போகும் சேவையில் பிடிபட்டால் அப்படியே நின்றுவிடும். தரைவழி என்று கேட்டு, உண்மையைச் சொல்லிப் போடுங்கள்.

பின்கோடின் ஒரு இலக்கம்

624001 திண்டுக்கல். 642001 பொள்ளாச்சி. இரண்டு இலக்கம் இடம் மாறினால் மலையின் ஒரு பக்கம் போக வேண்டியது மறுபக்கம் போய்விடும். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்ததே, ஒரே பெயரில் பல ஊர் இருக்கிற குழப்பத்தைத் தீர்க்கத்தான். முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா அஞ்சலகம். ஹப்பில் பிரிக்கிறவர் ஊர்ப்பெயரைப் படிப்பதில்லை, பின்கோடைத்தான் பார்க்கிறார். வாங்குகிறவர் தருகிற பின்கோடை நம்பாமல், ஊரையும் மாவட்டத்தையும் வைத்து நீங்களே ஒருமுறை சரிபாருங்கள். போன் எண் இரண்டு கேளுங்கள்; ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்கிறவருடையதாக இருக்கட்டும்.

தொலைந்தால்

டிராக்கிங்கில் 'டோர் லாக்டு' என்று வருகிறது, வீட்டில் ஆள் இருந்தார்கள், யாரும் வரவில்லை. இது வந்தால் அன்றைக்கே டெலிவரி கிளைக்குப் போன் செய்யுங்கள், புக்கிங் கடைக்கு அல்ல. இரண்டு மூன்று முறை இப்படிப் பதிந்தால் பார்சல் திரும்பக் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு நிறுத்துவது கஷ்டம். பார்சல் நசுங்கியோ ஈரமாகவோ வந்தால், கையெழுத்துப் போடும் இடத்திலேயே "பெட்டி நசுங்கிய நிலையில் பெறப்பட்டது" என்று எழுதுங்கள். லேபிளிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல், திறந்து முடிக்கும் வரை ஒரே வீடியோ எடுங்கள்.

இழப்பீடு விஷயத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம், டிஎச்எல் கூரியரில் போட்ட ஆவணங்கள் ஜெர்மனிக்குப் போய்ச் சேரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. கேட்டது லட்சக்கணக்கில். 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ரசீதில் பொறுப்பு 100 டாலர் வரை என்று அச்சாகியிருக்கிறது, நீங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள், ஆகவே 100 டாலர்தான். ரசீதின் பின்பக்கத்துப் பொடி எழுத்துக்கு அவ்வளவு பலம். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. லாரி பார்சலில் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்து விதிகளின்படி கூலியின் பத்து மடங்கு வரைதான் பொறுப்பு. 400 ரூபாய் கூலிக்கு அனுப்பிய 60,000 ரூபாய் காஞ்சிப் பட்டு தொலைந்தால் 4,000 ரூபாய். மதிப்பை எழுத்தில் சொல்லி, கூடுதல் ரிஸ்க் கட்டணமோ இன்சூரன்ஸோ கட்டினால்தான் இந்த எல்லையைத் தாண்ட முடியும். விலை உயர்ந்ததை 'துணி' என்று மட்டும் எழுதி மிச்சம் பிடிக்காதீர்கள்.

லாரிச் சரக்கு விஷயத்தில் இன்னொரு கெடுவும் உண்டு: புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கே போட முடியாது. "பார்க்கிறோம் சார், தேடிட்டிருக்கோம்" என்று ஆறு மாதம் இழுத்தடித்தால் உரிமை போய்விடும். பதினைந்து நாள் தாண்டியதும் நோட்டீஸ் அனுப்புங்கள், ஸ்பீட் போஸ்டில், ரெஜிஸ்ட்ரேஷன் சேர்த்து. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தாலே பல கம்பெனிகள் இறங்கி வருகின்றன. தபாலுக்கு 1800 266 6868.

கிளை போன் எண்ணைத் தேடும்போது கூகுளில் முதலில் வருவதை அழைக்காதீர்கள். கூரியர் பெயரில் போலி எண்கள் நிறைய உலவுகின்றன. "முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டி அப்டேட் பண்ணுங்க" என்று லிங்க் அனுப்புவார்கள். அந்த 5 ரூபாயோடு கணக்கே காலியாகும். முகவரி திருத்த எந்தக் கூரியரும் லிங்க்கில் காசு கேட்பதில்லை. "உங்க பேர்ல ஒரு பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டிருக்கு" என்று மிரட்டும் அழைப்பும் இதே வகை, போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எண் வேண்டும் என்றால் உங்கள் ரசீதில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள், அல்லது புக்கிங் செய்த கடைக்காரரிடமே டெலிவரி கிளையின் எண்ணைக் கேட்டு வாங்கி, ரசீதின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.